அத்தியாயம் 5: டைம்லைன் திக்காமல் ஓட

தாலி கட்டும் அந்த அரை நிமிடத்தில்தான் டைம்லைன் திக்கும். மேடைக்கு நேரே நின்ற ட்ரடிஷனல் கேமரா, பக்கவாட்டில் கேண்டிட் கேமரா, கூட்டத்துக்குள் புகுந்து வந்த கிம்பல், மாப்பிள்ளையின் தம்பி நாற்காலிமேல் ஏறிப் பிடித்த போன் என்று நான்கும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஸ்பீக்கரில் கெட்டி மேளம் கேட்கிறது. திரையில் இன்னும் தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. சத்தம் அடங்கியபிறகு படம் ஒரே தாவாகத் தாவி, அட்சதை விழுந்து முடிந்த இடத்தில் வந்து நிற்கிறது. எங்கே வெட்டுவது என்று கண் பார்த்துச் சொல்ல வேண்டியதைக் காதால் குத்துமதிப்பாகச் செய்ய வேண்டியதாகிறது.

வள்ளியை முருகன் மணந்த தலம் என்பதால் திருத்தணிக்குக் கல்யாணக் கூட்டம் எப்போதும் உண்டு. அரக்கோணம், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்திலிருந்து மட்டுமல்ல, எல்லை தாண்டி நகரி, புத்தூரிலிருந்தும் வருகிறார்கள். முகூர்த்தங்கள் நெருக்கிப் பிடிக்கும் ஆவணியிலும் தையிலும் ஒரு ஸ்டுடியோவின் மேசையில் இரண்டு மூன்று கல்யாண ஹார்ட்டிஸ்க் வரிசையில் காத்திருப்பது சாதாரணம். அந்த நேரத்தில் திக்குகிற டைம்லைன் என்பது எரிச்சலோடு முடிவதில்லை, டெலிவரி தேதியைத் தள்ளிவிடும்.

‘அண்ணா, மறுபடியும் சுத்துது’ என்று மிக்ஸிங் பையன் சொன்னதும் முதலாளி சென்னைக்கு ரயில் ஏறி ரிச்சி தெருவுக்குப் போவார். ராம் கூடும், கிராஃபிக்ஸ் கார்டு மாறும். பல சமயம் அடுத்த கல்யாணத்திலும் அதே இடத்தில் அதே திக்கல். காரணம் இயந்திரத்தின் பலத்தில் இல்லை, கோப்பு எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஆகவே காசு செலவழிப்பதற்கு முன் கோப்பைப் பாருங்கள்.

சின்னக் கோப்புதான் கனமான கோப்பு

கேமராவும் போனும் தரும் எச்.264, எச்.265 கோப்புகள் பெரும்பாலும் ‘லாங் ஜிஓபி’ முறையில் எழுதப்பட்டவை. இதில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. சுமார் அரை நொடிக்கு ஒரு முறை ஒரு முழு ஃபிரேம்; அதைக் கீஃப்ரேம் என்பார்கள். இடையில் உள்ளவை முன்னே பின்னே உள்ள ஃபிரேமிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் குறித்துவைத்தவை. மொய் நோட்டில் பக்கத் தலைப்பில் மட்டும் மொத்தத்தை எழுதி, கீழே வரவை மட்டும் போட்டுக்கொண்டு போவதைப் போல: பன்னிரண்டாவது வரியில் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் மேலேயிருந்து கூட்டித்தான் சொல்ல முடியும்.

ஹாலில் டிவியில் பார்க்கும்போது இது பிரச்சினையே அல்ல. படம் முன்னோக்கி மட்டும் ஓடுகிறது, கூட்டல் தன்பாட்டுக்கு நடக்கிறது. மிக்ஸிங்கில் நீங்கள் முன்னே போகிறீர்கள், பின்னே வருகிறீர்கள், நடுவில் எங்கோ குதிக்கிறீர்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் மென்பொருள் அதற்கு முந்தைய கீஃப்ரேமுக்குப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். கீஃப்ரேமிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரேமில் நிறுத்தினால், ஒரு படத்தைக் காட்ட ஏறக்குறைய பன்னிரண்டு படத்துக்கான வேலை. மல்ட்டிகேமில் மூன்று கேமரா என்றால் முப்பத்தாறு. அதுவும் 4கே என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிக்சல், ஃபுல் எச்டியைப்போல் நான்கு மடங்கு. பின்னோக்கி ஓட்டும்போது நிலைமை இன்னும் மோசம்.

மினிடிவி டேப் காலத்தில் மிக்ஸிங் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். அன்றைய பென்டியம் கம்ப்யூட்டரில் மினிடிவி கோப்பு வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக முழுதாய் எழுதப்பட்டிருக்கும். பிறகு எச்டிவி வந்தது, 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து ஏவிசிஎச்டியைக் கொண்டுவந்தன. கோப்பு சிறுத்தது, படம் பெரிதானது, டைம்லைன் நின்றது. ‘புது கேமரா வாங்கினதும் சிஸ்டம் ஸ்லோவாயிடுச்சு’ என்ற புலம்பல் அப்போது தொடங்கியதுதான்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறங்கள். நான்கு விவரம் போதும்: கோடெக் என்ன, பிட் டெப்த் 8-ஆ 10-ஆ, குரோமா (நிற விவரத்தின் அளவு) 4:2:0-வா 4:2:2-வா, ஃபிரேம் ரேட் நிலையானதா மாறுவதா. அடுத்து அதே கோப்பை டைம்லைனில் ஓடவிட்டு விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியு 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு, ஜிபியு பக்கத்தில் ‘வீடியோ டிகோட்’ வரைபடம் தரையோடு கிடந்தால், உங்கள் கார்டு அந்தக் கோப்பைத் தொடவே இல்லை என்று பொருள். சிபியு சும்மா இருந்து டிஸ்க் 100-இல் நின்றால் ஹார்ட்டிஸ்க்தான் குற்றவாளி. இரண்டும் சும்மா இருந்தும் படம் திக்கினால், கிளிப்மேல் போட்டிருக்கும் எஃபெக்டை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

முதல் நிலை ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் பணம் வீணாகிறது.

எச்.265 என்றாலே கனம் என்பது பாதி உண்மை. ட்ரோன் தரும் 10 பிட் 4:2:0 எச்.265 கோப்பை ஏழாம் தலைமுறை இன்டெல் சிப்பே வன்பொருளில் பிரித்துவிடும். சிக்கல் 4:2:2-இல் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகள் எதுவும், விலை எவ்வளவாக இருந்தாலும், 4:2:2 கோப்பை வன்பொருளில் டிகோட் செய்வதில்லை. இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகளில் பதினோராம் தலைமுறையிலிருந்து, உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி 4:2:2 எச்.265-ஐப் பிரிக்கும். அதைத்தான் குவிக் சிங்க் என்கிறார்கள். ஆனால் சில ஆயிரம் மிச்சப்படுத்தலாம் என்று பெயரின் கடைசியில் ‘எஃப்’ போட்ட சிப்பை வாங்கியிருந்தால் அந்தப் பகுதியே கிடையாது. பெரிய கார்டு இருக்கும்போது எதற்கு உள்-கிராஃபிக்ஸ் என்று கடைக்காரர் சொல்வார். கேம் விளையாடுகிறவருக்கு அது சரியான யோசனை, மிக்ஸிங் செய்கிறவருக்குத் தவறானது. ‘எஃப்’ இல்லாத சிப் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், கார்டு செருகியதும் பயாஸில் உள்-கிராஃபிக்ஸ் தானாக அணைந்திருக்கலாம். போய் இயக்கிவிடுங்கள். பிரீமியரில் பிரிஃபரன்ஸ், மீடியா பகுதியில் வன்பொருள் டிகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரிசால்வில் இந்த வசதி முழுதாகக் கிடைப்பது கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவில்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சோனி கேமராவில் எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265. பின்னது கூடுதலாகச் சுருக்கப்பட்டது, ஆகவே கனமானது என்று எல்லோரும் முன்னதை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 10 பிட் 4:2:2-இல் எடுக்கும்போது, குவிக் சிங்க் உள்ள பல கம்ப்யூட்டர்களில் எச்.265 ஓடும், எச்.264 திக்கும். அந்த வகை எச்.264-ஐப் பிரிக்கும் பகுதி அந்தச் சிப்புகளில் இல்லை என்பதே காரணம். உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டிலும் ஒரு நிமிடம் எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேமராவின் அமைப்பை நிலைப்படுத்துங்கள். ஆப்பிளின் எம் வரிசை மேக்கில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. விலை வேறு கதை.

கேமராவில் என்ன வைப்பது

கல்யாணத்தில் மூன்று கேமராவுக்கும் ஒரே அமைப்பு என்று பிடிவாதம் வேண்டாம். முதல்நாள் மாலை வரவேற்பிலிருந்து மறுநாள் பந்தி வரை ஓடும் ட்ரடிஷனல் கேமராவுக்கு 8 பிட் 4:2:0 எச்.264 தாராளம். அதில் எவரும் கலர் கிரேடிங் செய்யப்போவதில்லை. பெரியப்பா யாருக்கு என்ன கட்டினார் என்று தெரிந்தால் சரி. கேண்டிட் கேமராவுக்கு மட்டும் 10 பிட் 4:2:2 வையுங்கள். வரவேற்பு மேடையின் எல்இடி திரையும் ஊதா விளக்கும் 8 பிட்டில் பட்டை பட்டையாக உடைந்து தெரியும், அதைச் சரிசெய்ய இடம் வேண்டும்.

எல்லாவற்றையும் ‘ஆல்-இன்ட்ரா’வில் எடுத்துவிட்டால் திக்கலே இருக்காதே என்று கேட்கலாம். உண்மைதான். சோனியின் எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ அப்படிப்பட்டது, ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக இருக்கும். ஆனால் 4கே 25 ஃபிரேமில் அது நொடிக்கு 250 மெகாபிட், அதாவது மணிக்கு 112 ஜிபி. சாதாரண லாங் ஜிஓபி 100 மெகாபிட்டில் மணிக்கு 45 ஜிபி. நாள் முழுக்க எடுக்கும் கல்யாணத்துக்குக் கார்டு செலவு தாங்காது. தாலி கட்டும் நேரத்துக்கும் அவுட்டோர் ஷூட்டுக்கும் மட்டும் மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. பரபரப்பில் திருப்பி மாற்ற மறந்து, மதியப் பந்தியில் கார்டு நிரம்பி நிற்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபிரேம் ரேட் மட்டும் எல்லாக் கேமராவிலும் ஒன்றாக இருக்கட்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேம், ஷட்டர் 50-இல் ஒன்று என்று வைத்தால் மண்டபத்து விளக்குகள் பெரும்பாலும் மினுக்காது. ஸ்லோமோஷனுக்கு 50. ஒரு கேமரா 25, இன்னொன்று 30 என்று கலந்தால் மென்பொருள் ஓட ஓட ஃபிரேமைக் கூட்டிக் குறைக்க வேண்டும். திக்கலும் வரும், முடிவில் நடையும் வெட்டி வெட்டித் தெரியும்.

படித்திருவிழா இரவின் போன் கோப்பு

டிசம்பர் 31 இரவு திருத்தணி மலையின் 365 படிகளிலும் கற்பூரம் ஏற்றி, படிக்குப் படி திருப்புகழ் பாடிக்கொண்டு பஜனைக் குழுக்கள் மலையேறும். குழுவில் பாதிப் பேர் கையில் போன் இருக்கும். மறுநாள் அந்தக் கிளிப்புகளையெல்லாம் சேர்த்து யூடியூபுக்கு ஒரு வீடியோ கேட்டு வருவார்கள். ஆடிக் கிருத்திகைக்கும் இதே கதை; பகல் வெளிச்சத்தில் எடுத்த காவடிக் கிளிப்பு கொஞ்சம் தேவலை. (மலைமேல் கோயிலுக்குள் எடுத்ததைக் கேட்காதீர்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.)

வெளிச்சம் குறைந்ததும் போன் தானாகவே ஃபிரேம் ரேட்டைக் குறைத்துக்கொள்ளும். கற்பூர ஒளியில் நொடிக்கு 24, யாராவது டியூப்லைட் பக்கம் திருப்பினால் 30, நடுவில் ஏதோ ஒன்று. இதைத்தான் மீடியாஇன்ஃபோ ‘வேரியபிள்’ என்று காட்டும். டைம்லைனில் போட்டால் படம் திக்குவது ஒருபுறம். பாட்டு நீள நீள உதட்டசைவும் குரலும் பிரிந்துபோகும். கிளிப்பின் தொடக்கத்தில் சரியாக இருக்கும், ஐந்தாவது நிமிடத்தில் ஜால்ரா தட்டியபிறகு சத்தம் வரும். கையால் இழுத்துச் சரிசெய்ய முயன்றால் இன்னொரு இடத்தில் கெடும்.

மருந்து ஒன்றுதான். டைம்லைனுக்குள் விடுவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக்கிலோ ஷட்டர் என்கோடரிலோ போட்டு நிலையான 25 ஃபிரேமாக மாற்றிவிடுங்கள். இரண்டும் இலவசம். ஹேண்ட்பிரேக்கில் வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை 25 என்று தேர்ந்தெடுத்து, அதன் கீழ் ‘கான்ஸ்டன்ட்’ என்பதையும் அழுத்த வேண்டும்; இரண்டாவதை விட்டுவிட்டால் பலன் இல்லை. இந்த மாற்றிய கோப்பே இனி உங்கள் மூலக் கோப்பு. வாட்ஸ்அப்பில் வந்த கிளிப்புக்கும் இதையே செய்யுங்கள், ஆனால் முதலில் அனுப்பியவரிடம் ‘டாக்குமென்டா அனுப்புங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.

பிராக்ஸி

கேமரா தரும் கனமான கோப்பைப் பத்திரமாக வைத்துவிட்டு, அதன் இலகுவான நகலில் வெட்டி, கடைசியில் மூலத்துக்குத் திரும்பி ரெண்டர் செய்வதுதான் பிராக்ஸி. புதிய தந்திரம் அல்ல. 1994-இல் வந்த ‘மகாநதி’யை ஆவிட் முறையில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்பார்கள். அன்றைய ஆவிட்டில் படச்சுருளின் தரம் குறைந்த வீடியோ நகலைத்தான் ஹார்ட்டிஸ்கில் ஏற்றினார்கள். வெட்டி முடித்தபின் ஃபிலிம் ஓரத்து எண்களை வைத்து நெகட்டிவை வெட்டினார்கள். இப்போது நெகட்டிவ் வெட்டும் வேலையை மென்பொருளே செய்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிராக்ஸிக்கு என் முதல் தேர்வு புரோரெஸ் 422 பிராக்ஸி, 1920-க்கு 1080. 25 ஃபிரேமில் நொடிக்கு 38 மெகாபிட், மணிக்கு 17 ஜிபி. மூன்று கேமராவும் சேர்ந்து பன்னிரண்டு மணி நேரம் ஓடியிருந்தால் 204 ஜிபி. 256 ஜிபி எஸ்எஸ்டியிலேயே அடங்கும். 720-இல் செய்தால் அதில் பாதிக்கும் கீழே வரும், ஆனால் முகபாவம் பார்த்துத் தேர்வு செய்யும் கேண்டிட் வேலைக்கு 1080 வேண்டும். விண்டோஸில் ரிசால்வ் வைத்திருப்பவர்கள் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி எடுத்துக்கொள்ளலாம், எடை ஏறத்தாழ அதே. எடியஸ்காரர்களுக்குக் கிராஸ் வேலி எச்க்யூஎக்ஸ் இருக்கிறது. மூன்றிலும் ஒவ்வொரு ஃபிரேமும் தன்னளவில் முழுதானது, அதனால்தான் குதித்தாலும் திரும்பினாலும் கை நகர்த்திய இடத்தில் படம் நிற்கிறது.

இடமே இல்லை, எச்.264-இல்தான் பிராக்ஸி செய்தாக வேண்டும் என்றால் 720 அளவில், 8 பிட் 4:2:0-வில், கீஃப்ரேம் இடைவெளியை 1 என்று வையுங்கள். எக்ஸ்264 உள்ள மென்பொருளில் ‘ஃபாஸ்ட் டிகோட்’ என்ற தேர்வு இருந்தால் அதையும் போடுங்கள். கீஃப்ரேமைத் தொடாமல் பிட்ரேட்டை மட்டும் குறைப்பவர்கள்தான் ‘பிராக்ஸி போட்டும் சுத்துது’ என்று வருகிறார்கள். பிளேபேக் ரெசல்யூஷனைக் கால்வாசியாக்குவதும் லாங் ஜிஓபி கோப்பில் டிகோடிங் சுமையைப் பெரிதாகக் குறைக்காது. எஃபெக்ட் கனத்துக்குத்தான் அது உதவும்.

பிராக்ஸி செய்யும்போது மூலத்தின் ஃபிரேம் ரேட், நீளம், ஆடியோ சேனல் எண்ணிக்கை மூன்றையும் மாற்றக் கூடாது. கேமராவில் நாதஸ்வரத்துக்குத் தனி மைக் போட்டு நான்கு சேனல் எடுத்து, பிராக்ஸியில் இரண்டாக்கிவிட்டால் பிரீமியர் இணைக்க மறுக்கும். ‘லாக்’ என்ற வெளிறிய பட முறையில் எடுத்த கோப்புக்கு அப்படியே லாக்கில் பிராக்ஸி செய்யுங்கள். அழகாகத் தெரியட்டும் என்று பிராக்ஸிக்குள் நிறம் மாற்றும் ‘லட்’டைச் சுட்டுவைத்தால், டைம்லைனில் போடும் லட்டும் சேர்ந்து மணப்பெண்ணின் பட்டு ஆரஞ்சாகிவிடும். குங்குமம் வைக்கும் விரல் ஃபோகஸில் இருக்கிறதா, முகத்தில் நாய்ஸ் எவ்வளவு என்பவற்றைப் பிராக்ஸியில் முடிவு செய்யாதீர்கள். ‘டாகிள் பிராக்ஸி’ பொத்தானை அழுத்தி மூலத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன், வார்ப் ஸ்டெபிலைசர் போன்றவை எந்தப் பிராக்ஸிக்கும் அடங்காது. அவற்றை வெட்டு முடிந்தபின் போட்டு, அந்தத் துண்டை மட்டும் பிரிவியூ ரெண்டர் செய்துகொள்ளுங்கள்.

டிஸ்க், வெயில், கரண்ட்

நான்கு பிராக்ஸி ஒன்றாக ஓடினால் நொடிக்கு 152 மெகாபிட், அதாவது 19 மெகாபைட். எந்த ஹார்ட்டிஸ்கும் தருகிற வேகம்தான். ஆனால் சுழலும் டிஸ்கில் நான்கு கோப்பையும் மாறி மாறித் தேடி ஊசி அலைய வேண்டும். வேகம் பாதாளத்துக்குப் போகும். பிராக்ஸியை எஸ்எஸ்டியில் வையுங்கள், மூலக் கோப்பு பழைய டிஸ்கிலேயே இருக்கட்டும். வெளி டிஸ்கை நீல நிறத் துளையில்தான் செருகியிருக்கிறீர்களா என்று குனிந்து பாருங்கள். பல மேசைகளில் அது கீபோர்டுக்குப் போயிருக்கும்.

தமிழகத்தில் கோடை வெயில் உச்சத்தைத் தொடும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பெறும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஓடிய டைம்லைன் மதியம் இரண்டு மணிக்குத் திக்கினால் கோப்பில் குறை தேட வேண்டாம். லேப்டாப்பின் அடியில் காற்றுக்கு வழிவிட்டு, பிராக்ஸி உருவாக்கும் வேலையை இரவுக்குத் தள்ளுங்கள். கார்டை இறக்கியதும் க்யூவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும்.

இரவு என்றால் கரண்ட். யுபிஎஸ் இல்லாமல் க்யூ போடாதீர்கள். எம்ஓவி கோப்பின் உள்ளடக்க அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் ஃபோல்டரில் சில ஜிபி கோப்பு தெரியும், ஆனால் திறக்காது. காலையில் முதல் வேலையாக ஒவ்வொரு பிராக்ஸியின் நீளத்தையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். நின்றுபோனதை அழித்துவிட்டு அதை மட்டும் மறுபடி போடுங்கள்.

ரெண்டருக்கு முன், எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘யூஸ் பிராக்ஸிஸ்’ டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹைலைட்ஸ் 4கே-யிலும், முழு வீடியோ ஃபுல் எச்டியிலும், இரண்டும் 8 பிட் எச்.264-ஆகவும் போகட்டும், வீட்டு டிவியின் பென்டிரைவ் துளை 10 பிட்டைக் கண்டால் முரண்டுபிடிக்கும். பென்டிரைவ் ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. வரவேற்பு, முகூர்த்தம் என்று பாகம் பிரித்துக் கொடுங்கள். வாடிக்கையாளர் பார்த்துச் சரி என்று சொன்னபின் பிராக்ஸி ஃபோல்டரை அழித்துவிடலாம், வேண்டுமென்றால் ஒரே இரவில் திரும்ப வரும். மூலக் கோப்பையும் புராஜெக்ட் கோப்பையும் இரண்டு தனி டிஸ்கில் வைத்து, டிஸ்கின்மேல் முகூர்த்தத் தேதியை மார்க்கரால் எழுதுங்கள்.